மணி அடித்தது, ஆர்டரைக் காணோம்

எங்கள் சமையலறையில் மணி அடித்தால் யாரோ சாப்பாடு கேட்கிறார்கள் என்று அர்த்தம். சாமி அறை மணி இல்லை. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறது. அதிலிருந்து வருகிற மணி. என் மருமகள் செய்துவைத்தது.

நான் கிள்ளானில் வீட்டிலிருந்தே சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். இன்று நேற்று இல்லை, என் மகன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. புரட்டாசி வந்துவிட்டால் எனக்கு உட்கார நேரம் கிடையாது. மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள்கூட இந்த ஊரில் அந்த ஒரு மாதம் கவிச்சியைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமையானால் பெருமாளுக்குப் படையல். வேலைக்குப் போகிற பெண்கள் அத்தனையும் சமைக்க முடியுமா? என்னிடம் சொல்லிவிடுவார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, சுண்டல், வடை, பாயாசம். என் கைப்பக்குவத்தை நானே புகழக்கூடாதுதான். ஆனாலும் ஜெஞ்சாரோமிலிருந்து செந்தூல் வரைக்கும் என் புளிச்சோறு போகிறது என்பதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

முன்பெல்லாம் போனில்தான் ஆர்டர். இருபது வீட்டு ஆர்டரையும் தலையிலேயே வைத்திருப்பேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு எனக்கு வெட்கமும் இல்லை. போனில் ஒரு கஷ்டம் என்னவென்றால், எங்கள் ஆட்கள் யாரும் வேண்டியதைச் சொல்லிவிட்டு வைக்கமாட்டார்கள். முதலில் என் முட்டி வலியை விசாரிப்பார்கள். பிறகு அவர்கள் வீட்டுக் கதை. கடைசியில்தான் சோறு. ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். ஒரு நல்ல போன் அப்படித்தான் ரசத்துக்குள் விழுந்து செத்தது.

மருமகள் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தாள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவளையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் ஒரு மாதம் யாரிடமும் அதிகம் பேசவில்லை. பிறகு ஒருநாள், "அத்தை, உங்க ஆர்டருக்கு ஒரு பேஜ் செஞ்சு தரட்டா?" என்று கேட்டாள். செய்தாள். ஆட்கள் தங்கள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வேண்டியதைத் தொட்டுவிட்டால் போதும், எங்கள் சுவரில் மணி அடித்து, என்ன வேண்டும், எந்த வீடு என்று பெரிய எழுத்தில் வந்துவிடும். கீழே ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்ல ஒரு பெட்டியும் வைத்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் பழைய தோழி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டாள். "புரட்டாசி முழுக்க உங்க வீட்டுல ஒழுங்கா ஓடட்டும். ஓடுச்சுன்னா எங்க கடைக்கும் செஞ்சு குடும்மா. எங்க ரோட்டுல இன்னும் நாலஞ்சு பேரு கேப்பாங்க" என்று மருமகளிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் அந்தப் பெண் முகத்தில் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். வேலையிலிருந்து அனுப்பப்பட்டவளுக்குச் சொந்தமாக ஒரு வேலை. அதெல்லாம் அந்தப் பேஜ் புரட்டாசி முழுக்கத் தடங்கலில்லாமல் ஓடுவதில்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை நன்றாகப் போனது. இரண்டாவது சனிக்கிழமை, மதியம், எல்லாப் பொட்டலமும் போன பிறகு, போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு வாடிக்கைக்காரம்மா கூப்பிட்டார்.

"அக்கா, இலை போட்டாச்சு. கோவிந்தா போட ஆளுங்க நிக்கிறாங்க. சாப்பாடு எங்கக்கா?"

"எந்தச் சாப்பாடு?"

"என்னாக்கா இப்படிக் கேக்குறீங்க? காலையிலேயே உங்க பேஜ்ல போட்டேனே! 'உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி'ன்னு வந்துச்சே!"

சுவரைப் பார்த்தேன். மேலிருந்து கீழே வரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த வீடு இல்லை. நான் போனை வைப்பதற்குள் ஜெஞ்சாரோமிலிருந்து இன்னொரு வீடு. அதுவும் சுவரில் இல்லை. எங்கள் வீட்டுப் படையலுக்கு எடுத்துவைத்ததையும் எங்களுக்கென்று இருந்த சோற்றையும் இரண்டாகப் பிரித்துக் கட்டி என் மகனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினேன். என் அடுப்பிலிருந்து போகிற சோறு நேரம் தவறிப் போனது அதுதான் முதல் தடவை. விரதம் இருக்கிற வீட்டில் காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். இலை வெயிலில் சுருண்டுகொண்டிருக்கும்.

மகன் திரும்பி வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனியில் வேலை செய்கிறவன். சனிக்கிழமை எனக்காக ஓடுவான்.

"வாசல் கேட்டுலயே நிக்க வெச்சுக் கேட்டாங்கம்மா. சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னால. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கிறதுன்னு தெரியல. பேஜை மூடு லா. போனே போதும்."

மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள், திரும்பவில்லை.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விடு. அடுப்பு என்னோடது" என்றேன்.

"அடுத்த சனிக்கிழமையும் ஒரு வீட்டுல இலை காஞ்சா?" என்றான் மகன்.

மருமகள்தான் பதில் சொன்னாள். "காஞ்சா நானே மூடிடறேன். பிரிக்பீல்ட்ஸ் ஆன்டிகிட்டயும் நானே சொல்லிடறேன்."

திங்கட்கிழமை காலையில் அவள் லேப்டாப்பைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தாள். நான் உளுந்து களைந்துகொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சமைப்பதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். படித்த ஒருத்தி தன் வேலையைச் செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதற்கு முன் கிடையாது.

மகன் வேலைக்குக் கிளம்பும்போதே, "வைபை லைன் சரியில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"லைன் போனா எல்லாம் போகணும் அத்தை. அந்த ரெண்டு வீடு மட்டும் எப்படிப் போகும்?" என்றாள் அவள்.

ஆர்டர்கள் முதலில் எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் போய் உட்காருமாம். அங்கிருந்துதான் எங்கள் சுவருக்கு வருமாம். முதல் வேலையாக அவள் அங்கே போய்ப் பார்த்தாள்.

"இருக்கு அத்தை. அவங்க ரெண்டு பேரும் போட்டது அங்க பத்திரமா இருக்கு. நம்ம சுவர்லதான் இல்ல."

"அப்ப வழியில எவனாச்சும் தின்னுட்டானா?"

சிரித்தாள். "அவனத்தான் பிடிக்கணும். சனிக்கிழமை மணி அடிச்சுச்சா?"

"நிறுத்தாம அடிச்சுச்சே."

"அப்ப எழுந்திருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

எது எழுந்தது என்று கேட்டேன். அவள் விரட்டவில்லை, உட்கார்ந்து சொன்னாள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற ஒன்றில் அவள் எழுதியிருக்கிறாள். அதில் ஹேண்ட்லர் என்று ஒன்று. ஏதாவது ஒன்று நடக்கும்வரை அது சும்மா கிடக்கும். புது ஆர்டர் வந்தது என்று சேதி வந்தால் எழுந்து, அன்றைக்கு அதுவரை வந்த எல்லா ஆர்டரையும் அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டரிடம் கேட்டு, பதிலை வாங்கி, சுவரில் எழுதி, மணியை அடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். எனக்கு அது நாற்காலியில் தூங்கும் ஒரு வேலைக்காரன் மாதிரி மனதில் நின்றது. இன்றுவரை அப்படித்தான் நிற்கிறது.

அந்த வேலைக்காரன் எழும்போது 'எழுந்தேன்', பதிலை வாங்கும்போது 'படிக்கிறேன்', வேலை முடிந்தால் 'முடிந்தது' என்று லேப்டாப்பின் ஓரத்தில் எழுதிக் காட்டும்படி செய்தாள். பிறகு தன் போனிலிருந்து அவளே ஆர்டர் போட்டாள். மணி அடித்தது. எழுந்தேன், படிக்கிறேன், முடிந்தது. சுவரில் ஆர்டர் வந்தது. மறுபடி போட்டாள். வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். அத்தனையும் வந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க இதே கதை. கெட்டுப்போனது கெட்டமாதிரியே காட்டவில்லை.

நானாக இருந்தால் அந்த டேப்லெட்டை இரண்டு தட்டுத் தட்டியிருப்பேன். குழம்பு சரியாக வரவில்லை என்றால் உப்பையும் புளியையும் ஒரே நேரத்தில் மாற்றுகிற ஆள் நான். அவள் அப்படி இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுவாள். பார்ப்பாள். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். திட்டமாட்டாள், பெருமூச்சு விடமாட்டாள். தேநீர் ஆறிப்போய்க் கிடக்கும். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலையில் அவள் சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் போட்ட ஆர்டரெல்லாம் என்ன தெரியுமா? 'வடை ரெண்டு.' 'சோறு ஒண்ணு.' அந்தப் பெட்டியில நான் ஒண்ணுமே எழுதல."

"அதுக்கென்ன?"

"அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க." போர்ட் கிள்ளான் அம்மாவின் ஆர்டரை அங்கிருந்து எடுத்து வாசித்தாள். "'அக்கா கும்பிடுறேன். முட்டி எப்படி இருக்கு? தைலம் அனுப்பினேனே, தேச்சீங்களா? புளிச்சோறு போன வருசம் மாதிரியே இருக்கட்டும். வெங்காயம் பூண்டு சேக்கமாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிவெக்கிறேன். பெரியவனுக்கு வேலை கிடைச்சிருக்கு, பினாங்குல. நீங்க படையல் போடறப்ப அவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க. சின்னவ யாரையோ பாத்துவெச்சிருக்கா போல, அதை நேர்ல சொல்றேன்...' இன்னும் போகுது அத்தை, ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருக்கேன்!"

ஒவ்வொரு வீடும் அப்படித்தான். என்னோடு போனில் பேசுகிற பேச்சை அப்படியே அந்தப் பெட்டிக்குள் கொட்டியிருந்தார்கள். முதல் சனிக்கிழமை புதிது என்று கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது சனிக்கிழமைக்கு நன்றாகப் பழகிவிட்டது. மருமகள் 'காரம் குறைவாக' என்பது மாதிரி ஏதோ எழுதுவார்கள் என்று நினைத்து வைத்த பெட்டி.

"அத்தை, நீங்க போன்ல பேசறவங்க மாதிரியே பேசுங்க. நான் டைப் பண்றேன்."

எனக்கு இது கைவந்த வேலை. ஜெஞ்சாரோம் அம்மா மூச்சு விடாமல் பேசுவதைப் பேசிக்காட்டினேன். காப்பார் வீட்டுப் பெரியவர் இருமிக்கொண்டே வடைக்கு மிளகு கேட்பதைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே டைப் அடித்து அனுப்பினாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்புத் தாங்காமல். கடைசியாக ஒன்றை அனுப்பினாள்.

மணி அடித்தது. சுவரைப் பார்த்தோம். நான் கடைசியாகப் பேசிக்காட்டிய பெரியவரின் ஆர்டரைக் காணோம். லேப்டாப் ஓரத்தில் மட்டும் எழுந்தேன், படிக்கிறேன், முடிந்தது.

"கெட்டுப்போச்சு!" என்று கத்தினாள். நாற்காலியை விட்டு எழுந்து என் தோளைப் பிடித்து ஆட்டினாள். "கெட்டுப்போச்சு அத்தை, கெட்டுப்போச்சு!"

ஒரு பொருள் கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. பிறகுதான் விளங்கியது. கண் முன்னால் கெட்டால்தான் பிடிக்க முடியும்.

அதற்கப்புறம் அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பதில் பெரிதாக இருந்தால் அது ஒரே தடவையில் வராதாம். துண்டு துண்டாக வருமாம். அவள் எழுதிய ஹேண்ட்லர் முதல் துண்டை வாங்கியதும், எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணி மணியடித்துவிட்டுப் படுத்திருக்கிறது. சின்ன ஆர்டர் என்றால் ஒரே துண்டு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பெரிய பதில் என்றால் வால் பக்கம் இருக்கிற வீடுகள் வெளியிலேயே நிற்கும்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பாதியில அறுந்த வரி வந்தா சத்தமில்லாம விட்டுடுன்னு நானே எழுதிவெச்சிருக்கேன். சுவர் பாக்க அழகா இருக்கணும்னு. அது மட்டும் அங்க அசிங்கமா நின்னிருந்தா நாம அன்னிக்கே பாத்திருப்போம்."

இதை அவள் என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னாலும் எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் சொன்னாள். அன்று மாலை மகன் வந்ததும் அவனிடமும் அதே மாதிரி சொன்னாள்.

அவன் கேட்டுவிட்டு, "அப்ப சுலபம்தானே. அந்தப் பெட்டிய சின்னதாக்கிடு. பத்து வார்த்தைக்கு மேல எழுத முடியாதுன்னு போடு. வேலை முடிஞ்சுச்சு" என்றான்.

நான்கூட, அது சரிதானே என்று நினைத்தேன்.

"முடியாது" என்றாள். "அவங்க சோத்துக்கு மட்டுமா அத்தைகிட்ட வராங்க? கடையில இல்லாத சோறா? அவங்க பேசறதுக்கு இடம் இல்லன்னா இந்தப் பேஜ் எதுக்கு? அவங்க எவ்வளவு வேணும்னாலும் எழுதட்டும். முழுசா வாங்கறது என் வேலை."

நான் எழுந்து போய் அவளுக்குச் சூடாக ஒரு தேநீர் கலந்தேன். அவள் கேட்கவில்லை, எனக்குக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

திருத்தினாள். இனி, அவ்வளவுதான், இதற்குமேல் இல்லை என்று அங்கிருந்து சேதி வரும்வரை ஹேண்ட்லர் துண்டுகளை வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சேதி வந்த பிறகுதான் மணி. அறுந்த வரி ஏதாவது வந்தால் அது சிவப்பில் நிற்கும். அழகு போனால் போகட்டும் என்றாள்.

வியாழக்கிழமை எல்லா வீடும் சுவரில் வந்தது. நான் பேசின பேச்செல்லாம் முழுதாக வந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் மூக்கு சுவரில் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையின் நடுவில், ஒரு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஏதோ அடையாளம்.

"ஒரு எழுத்துதானே? விடு லா" என்றான் மகன்.

"நாளைக்கு அது ஒருத்தர் பேருக்குள்ள விழுந்தா?"

தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் உள்ளே மூன்று பங்காகவோ அதற்கு மேலோ போகுமாம். துண்டு போடுகிற இடம் ஒரு எழுத்தின் நடுவில் விழுந்தால், இந்தத் துண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் மீதி. தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே எழுத்தில்லை. முந்தினதில் மிச்சம் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததோடு சேர்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்த வேலைக்காரன்மேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது.

சனிக்கிழமை பொழுது விடியும் முன்பே மணி அடிக்கத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் தோழி முதல் ரயிலேறி வந்து, என் சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். வடை ஒன்றைக் கேட்டாள். படையலுக்கு முன்னால் யாருக்கும் வடை இல்லை என்று சொல்லிவிட்டேன். மருமகள் பொட்டலம் கட்டினாள். ஒவ்வொரு மணிக்கும் அவள் கை ஒரு கணம் நின்றது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பாள், அங்கே இருப்பதையும் தன் போனில் தூரத்துக் கம்ப்யூட்டரில் இருப்பதையும் ஒப்பிடுவாள், பிறகுதான் மறுபடி இலையைத் தொடுவாள்.

பத்து மணிபோல என் போன் அடித்தது. போர்ட் கிள்ளான் அம்மா.

"அக்கா, பேஜ்லயும் போட்டிருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு போன்லயும் சொல்லிடறேன். கோவிச்சுக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. மருமகளுக்கும் கேட்டுவிட்டது. அவள் முகம் கோணாமல், "அவங்க சொல்றது நியாயம்தான் அத்தை. சுவர்ல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். இருந்தது. எழுத்துக் கூட்டி, முட்டி விசாரிப்பில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் போனிலேயே அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஐயோ, சின்னவ சமாச்சாரத்தச் சத்தமா படிக்காதீங்கக்கா!" என்று அந்த அம்மா பதறினார். தோழி ஸ்டூலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள்.

மதியம் தாண்டியது. மகன் கடைசி நடையை முடித்துவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். சாப்பாடு எங்கே என்று எந்த வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. சாமிக்குக் காட்டிவிட்டு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தான். அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

"புரட்டாசி முடியற வரைக்கும் நான் காத்திருக்க வேணாம். எப்பம்மா எங்க கடையில வந்து மாட்டுற?" என்று தோழி கேட்டாள்.

இதற்காகத்தானே அந்தப் பெண் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்? உடனே சரி என்பாள் என்று நினைத்தேன்.

"மாட்டறதுக்கு முன்னால நான் உங்க கடையில ரெண்டு மூணு நாள் சும்மா உட்காந்து பாக்கணும் ஆன்டி. உங்க ஆளுங்க எப்படிக் கேக்குறாங்க, எப்படிப் பேசுறாங்கன்னு. அத்தை வீட்டு ஆளுங்க எனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரியல."

திங்கட்கிழமை காலை ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போனாள். மத்தியானத்துக்கு முன்னால் தோழி எனக்குப் போன் செய்தாள்.

"என்னா உன் மருமக, வந்ததுலேர்ந்து கல்லாப்பெட்டி பக்கத்துல உட்காந்து ஆளுங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்கா? ஒரு வார்த்தை பேசல. என் ஆளுங்க பயப்படறாங்க."

"அவ வேலை பாக்குறா" என்றேன். "சோறு போட்டாலும் மறந்துடுவா. கையில குடுத்து, சாப்பிடறாளான்னு நின்னு பாரு."